மனச்சோர்வு நோயும் மக்கள் மயக்கமும்

(பௌர்ணமி உபோசத நாளில் ஆற்றிய அறவுரை, விரித்து எழுதப்பட்டது)



மும்மணிகளைச் சரணடைந்தவருக்கு மனச்சோர்வு வாராது என்றும், வருமாயின் அவர் கொண்ட சரணம் உதட்டளவினதே என்றும் ஒரு கூற்று நம்மவரிடையே சில காலமாக உலவி வருகிறது. மேடையேறியே இதனைக் கூறுவாரும் உளர். நல்லெண்ணத்தோடுதான் கூறுகின்றனர். ஆயினும் அச்சொல்லின் விளைவை நான் கண்டேன். நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில், இரண்டாம் மகப்பேற்றுக்குப் பின் இந்நோயுற்று, மருந்துண்டு தேறிவந்த ஒரு பெண், இவ்வுரையைக் கேட்டு நாணமுற்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். சில வாரங்களில் மீண்டும் படுக்கையில் விழுந்தாள். அருகில் கிடந்து அழும் குழந்தையை எடுக்கவும் அவள் கை எழவில்லை. வினவியவர்களிடம், தான் நல்ல பௌத்தப் பெண் அல்லள் என்றும், அதனாலேயே இக்கேடு என்றும் சொல்லி அழுதாளாம். ஆதலின் இன்று பேசுவதாக அறிவித்திருந்த பஞ்சசீல விளக்கத்தை ஒத்திவைத்து, இவ்வொரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன். பெரியோர் பொறுத்தருள்க.

சரணம் என்பது தாயத்து அன்று. சரணடைந்தவருக்குக் காய்ச்சல் வருகிறது, கால் முறிகிறது, மஞ்சட்காமாலை காண்கிறது. பகவானுக்கே முதுகுவலி இருந்தது. தம்மம் உரைத்துக்கொண்டிருந்தவர் இடையில் சாரிபுத்தரைத் தொடரச் சொல்லிச் சாய்ந்து இளைப்பாறியதைச் சூத்திரங்கள் மறைக்கவில்லை. உடலுக்கு நோய் வரலாம், உள்ளத்துக்கு மட்டும் வரலாகாது என்ற விதியை யார் செய்தார்? அங்குத்தர நிகாயத்தில் நோய் இருவகை என்று பகவான் பகுத்துரைக்கிறார்: உடல்நோய், மனநோய். உடல்நோயின்றி ஓராண்டு, பத்தாண்டு, நூறாண்டு வாழ்ந்தோம் என்பாரைக் காணலாமாம். மனநோயின்றி ஒரு கணமேனும் இருந்தோம் என்று சொல்லவல்லார், ஆசவங்களை அறுத்த அருகத்தரையன்றி அரியர் என்கிறார். அங்கே கூறப்பட்ட மனநோய் ஆசை, சினம், மயக்கம் முதலியவற்றையும் தழுவியது. மருத்துவர் கூறும் மனச்சோர்வு நோயும் அதுவும் ஒன்றே என்று நான் சாதிக்கவில்லை. எனினும், நாம் நலமுடையோர், அவன் ஒருவனே நோயாளி என்று விலகி நிற்கும் செருக்குக்கு அச்சூத்திரத்தில் இடமில்லை.

இனி, இந்நோய் யாதெனக் காண்போம். துயரம் வேறு, இது வேறு. தந்தை இறந்தால் அழுகிறோம். வேலை போனால் கலங்குகிறோம். நாள் செல்லச் செல்ல, உற்றார் வந்து போகப் போக, அத்துயரம் தணிகிறது. மனச்சோர்வு நோயில் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாள் முழுதும் என்று சொல்லத்தக்க அளவில், உள்ளம் கவிந்தே கிடக்கும். முன்பு இனித்தவை இனிக்கமாட்டா. விடியுமுன் மூன்று மணிக்கே விழிப்பு வந்து பின் உறக்கம் பிடியாது. சிலருக்கு மாறாக உறக்கமே மிகும். உணவு செல்லாது. எண்ணம் ஊர்ந்து செல்லும். ஒரு சட்டைக்குப் பொத்தான் இடுவதும் ஒரு மலையை ஏறுவதுபோல் தோன்றும். செய்யாத குற்றத்துக்கெல்லாம் தானே காரணம் என்று மனம் தன்னைக் கடிந்துகொள்ளும். நம் மக்களிற் பலர் இதனை மனத்தின் மொழியில் சொல்வதில்லை. தலைபாரம், உடல்வலி, நெஞ்சு அடைப்பு, கைகால் ஓய்ச்சல் என்றே சொல்கின்றனர். அதனால் வலி மாத்திரையோடு வீடு திரும்புகின்றனர். குருதிச்சோகையாலும் தைராய்டுச் சுரப்பியின் குறைவாலும் இதையொத்த சோர்வு வருவதுண்டு. ஆதலின் மருத்துவர் முதலில் இரத்தச் சோதனை செய்யச் சொன்னால் வீண்செலவென்று எண்ணலாகாது.

இது அரிய நோயும் அன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகின்றனர் என்று கண்டது. அவ்வாறு ஆளானோருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் சிகிச்சை பெறாதிருந்தனர் என்பதும் அவ்வாய்வின் முடிபே. இம்மண்டபத்தில் இன்று நூறு பேர் அமர்ந்திருக்கிறீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழைக்கு ஏது மனச்சோர்வு, அது குளிர்காற்று அறையில் இருப்போர் நோய் என்று நம் தெருக்களில் நகையாடுவார்கள். இதைப்போன்ற பொய் வேறில்லை. கடனும் பசியும் நெருக்கமான குடியிருப்பும் குடிகாரக் கணவனின் அடியும் சாதியின் பெயரால் நாள்தோறும் விழும் அவமதிப்பும் மனத்தை நொறுக்குமா, பஞ்சணை நொறுக்குமா? ஏழைக்கு இந்நோய் வருகிறது. அதற்குப் பெயர்தான் கிடைப்பதில்லை. சோம்பேறி என்ற பெயர் கிடைக்கிறது.

இங்கே நான் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதியில் நான் வேலை செய்த நாளில், எங்கள் ஷிப்டில் ஒருவர் இருந்தார். அறுந்த இழையைக் கூட்டுவதில் அவர் விரலுக்கு நிகர் அங்கே வேறு விரல் இல்லை. நாற்பதை நெருங்கும் வயதில் அவர் கை தளரலாயிற்று. இழைகள் அறுந்து தொங்க, கதிர்கள் வெறிதே சுழல, அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். மேஸ்திரி தூங்குமூஞ்சி என்றார். மதுவைத் தொட்டறியாத அவரைக் குடித்துவிட்டு வருகிறார் என்றனர் சிலர். வீட்டில் மனைவி, எவளோ மருந்து வைத்துவிட்டாள் என்று மந்திரவாதியிடம் ஓடினார். மெமோ மூன்று வந்தது, வேலை போயிற்று. அந்நோயின் பெயரை அறிந்தார் அங்கு எவருமில்லை. ஓராண்டு கழிந்தபின் அவருடைய மைத்துனர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, சில திங்களில் மனிதர் தேறினார். வேலை திரும்பவில்லை. பின்னர் ஒரு தையற்கடையில் பொத்தான் கட்டிப் பிழைத்தார்.

பஞ்சாலையில் இழை அறுந்தால் இழையை எவரும் வைவதில்லை. பஞ்சின் தரம் தாழ்ந்ததா, முறுக்குக் குறைந்ததா, காற்றில் ஈரப்பதம் வற்றியதா என்று பார்ப்பார்கள். வெயிற்காலத்தில் ஈரப்பதம் குறைந்தால் ஒரே பஞ்சு, ஒரே எந்திரம், ஒரே தொழிலாளி. ஆயினும் இழை அடிக்கடி அறும். உடனே தண்ணீர்ப்புகை விடும் எந்திரத்தைச் சீர்செய்வார்கள். இழைக்குக் காட்டும் இந்த நியாயத்தை இழை கூட்டுவோனுக்குக் காட்டுவாரில்லை. காரணங்கள் கூடுமிடத்தில் காரியம் தோன்றும், காரணங்கள் நீங்க அது நீங்கும் என்பதன்றோ பகவான் போதிமரத்தடியில் கண்ட உண்மை? சார்பிற் தோன்றும் அவ்விதி மனித மனத்துக்கு மட்டும் விலக்கா?

நம் உபதேசிகளும் இச்சோம்பல் மயக்கத்துக்கு ஒரு வழி திறந்துவிட்டனர். ஐந்து நீவரணங்களுள் 'தீன மித்தம்' என்பதொன்று. அதனைச் 'சோர்வு' என்று தமிழ்ப்படுத்தினோம். மருத்துவர் கூறும் நோய்க்கும் 'சோர்வு' என்றே பெயரிட்டோம். சொல் ஒன்றானதும் பொருளும் ஒன்றென்று கொண்டு, நீவரணத்தை வெல்ல ஊக்கம் கொள் என்று நோயாளிக்கு உபதேசிக்கத் தொடங்கினோம். தீன மித்தம் உடையோன் எளிதை நாடிச் சாய்பவன். நோயாளியோ எழவேண்டும் எழவேண்டும் என்று படுக்கையிற் கிடந்தபடியே தன்னோடு போராடிக் களைத்தவன். அவனிடம் முயற்சி குறைந்துவிட்டது என்பது, வெள்ளத்தில் நீந்திக் கை ஓய்ந்தவனைக் கரையில் நின்று நீந்து நீந்து என்பதுபோலும். சோணர் என்னும் பிக்கு, பாதம் வெடித்துக் குருதி கசியுமளவும் நடந்து தவமியற்றி மனம் தளர்ந்தபோது, பகவான் மேலும் முயல்க என்றாரில்லை. வீணை வாசித்தறிந்த அவரிடம் வீணை நரம்பின் உவமையைச் சொல்லி, அளவுக்கு மிஞ்சி முறுக்கியதைத் தளர்த்தச் சொன்னார். இதனை ஊக்கம் பேசுவோர் நினைவிற் கொள்வார்களாக.

அடுத்தது வினை. மூன்றாவது வீட்டில் ஒருவர் நோயுற்றால், முற்பிறப்பில் என்ன செய்தாரோ என்று சொல்லி நாம் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். இந்த வாயடைப்பைப் பகவான் ஏற்றாரா? சம்யுத்த நிகாயத்தில், மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகன் (இவன் மருத்துவர் ஜீவகர் அல்லன்; பெயரொப்புமையால் மயங்கற்க) வந்து வினவுகிறான்: மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் எல்லாம் முன்வினையாலேயே வருவன என்று சில சமணபிராமணர் கூறுகின்றனரே, கௌதமர் என்ன சொல்கிறீர் என்று. பகவானின் விடை மிகத் தெளிவானது. சில வேதனைகள் பித்தத்தால் வருவன, சில சிலேட்டுமத்தால், சில வாதத்தால், சில இம்மூன்றும் கலந்ததால். பருவ மாறுதலால் வருவன உண்டு. பொருந்தாப் பேணலால் வருவன உண்டு. பிறர் தாக்குதலால் வருவன உண்டு. வினைப்பயனால் வருவதும் உண்டு. எட்டு வாயில்களுள் வினை ஒன்று. இதனை ஒருவன் தன் அனுபவத்தாலேயே அறியலாம், உலகமும் உண்மையென ஒப்பும் என்று சொல்லி, எல்லாம் முன்வினையே என்பார் தாமறிந்ததையும் உலகறிந்ததையும் தாண்டிச் செல்கின்றனர், அவர் கூற்று தவறு என்று முடிக்கிறார்.

பித்தம், வாதம் என்பன அக்கால மருத்துவத்தின் மொழி. இக்கால மருத்துவர் மூளையின் இயக்கம், பரம்பரை, சுரப்பு நீர்கள், இளமையிற் பட்ட காயம், வாழ்வின் நெருக்கடி என்று வேறு சொற்களில் கூறுகின்றனர். ஒரே காரணம் என்று எவரும் கூறுவதில்லை. பகவானும் கூறவில்லை.

நாம் இதனை மற்றெவரினும் கூர்ந்து நோக்கக் கடமைப்பட்டோம். தாழ்ந்த பிறப்பு முன்வினைப்பயன் என்று சொல்லித்தானே நம் பாட்டன் பூட்டனைக் கிணற்றுக்கும் கோயிலுக்கும் வெளியே நிறுத்தினார்கள்? பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையிலே சாக்கிய பௌத்த சங்கம் நிறுவியதும், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியிலே பாபாசாகேப் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களுடன் தீட்சை பெற்றதும் அந்த வாதத்தின் முகத்திலே விழுந்த அறைகளல்லவா? தமது இறுதி நூலாகிய 'புத்தரும் அவர் தம்மமும்' என்பதில் பாபாசாகேப் முற்பிறப்பு வினையென்னும் கோட்பாட்டைப் பௌத்தத்தினின்று விலக்கியே எழுதினார். நம்மை ஒடுக்கிய கோலை நாம் முறித்தெறிந்துவிட்டு, முறிந்த துண்டை எடுத்து நம் வீட்டு நோயாளியை அடிப்பது எந்த நியாயம்?

மருந்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மனநோய் மாத்திரை மயக்கப் பொருள், அதனை உண்பது ஐந்தாம் சீலத்துக்கு மாறு என்று ஒரு முதியவர் என்னிடம் வாதிட்டார். சீலம் விலக்குவது சுராவும் மேரயமும் ஒத்த, விழிப்பை அழித்துப் பிரமாதத்தை விளைக்கும் போதைகளை. மனச்சோர்வு மருந்தை உண்டவனுக்குக் களிப்பு உண்டாவதில்லை; நலமாயிருப்பவன் உண்டாலும் கள்ளின் வெறி அதனால் ஏறாது. உண்மையில் அது விழிப்பைக் கெடுக்கும் நோயை நீக்கி விழிப்பை மீட்பது. விநயத்தைப் பாருங்கள். பிலிந்தவச்சர் வாதநோயுற்றபோது, வெறிநீர் சிறிதளவு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயையும், அதன் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவில், மருந்தாக உட்கொள்ளப் பகவான் இசைந்தார். நண்பகலுக்குப் பின் உணவுண்ணாத பிக்குவுக்கும் நோய் கருதிய மருந்துக்குத் தடையில்லை. ஆகவே உபோசத நாளில் அட்டசீலம் ஏற்போர் இரவு மாத்திரையை விடவேண்டியதில்லை. இரவு மாத்திரையை உணவோடுதான் உண்ணவேண்டும் என்று மருத்துவர் கூறியிருப்பின், அவர் பஞ்சசீலத்தோடு நிற்கலாம். அதனால் அவருடைய பௌத்தம் ஓரணுவும் குறையாது.

இம்மருந்துகள் நேற்று முளைத்தனவும் அல்ல. 1950களின் தொடக்கத்தில் காசநோயாளருக்குக் கொடுத்த இப்ரோனியசிட் என்ற மருந்து அவர்கள் உள்ளத்தையும் எழுப்புவதைக் கண்டனர். 1957இல் ரோலண்ட் கூன் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்தின் பயனை வெளியிட்டார். அதன்பின் பல வந்தன. இவற்றின் இயல்பு ஒன்றை அறியாததாலேயே பலர் கைவிடுகின்றனர்: இன்று உண்டால் இன்றே பயன் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டல் முதலிய தொல்லைகள் முதலிலும், நலம் பின்னரும் வரும். நலம் வந்த பின்னும் பல திங்கள் தொடரவேண்டும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் கலக்கமும் தோன்றும், நோயும் திரும்பக்கூடும். முதலில் கூறிய அப்பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே. அவள் மாமியார் படிப்பறியாதவர். ஆயினும் மேடைப்பேச்சை ஒதுக்கிவிட்டு, மருமகளை ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுசென்றவர் அவரே. இன்று அவள் குழந்தைக்குச் சோறூட்டுகிறாள். நோய் இலேசானதாயின் மருந்தின்றிப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமாகலாம். எது வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மேடையில் நிற்பவர் செய்யவேண்டா.

தியானம் செய்தால் எல்லாம் தீரும் என்போருக்கும் ஒரு விடை கூறவேண்டும். நான் தியானத்தைக் குறைத்துப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். இருபதாண்டாக விடியற்காலையில் அதில் அமர்பவன் நான். ஆயினும் வேசாலியில் நடந்ததைக் கேளுங்கள். உடலின் அசுபத்தைச் சிந்திக்கும் பாவனையைப் பகவான் பிக்குகளுக்குப் புகழ்ந்துரைத்துவிட்டு, அரைத்திங்கள் தனித்திருந்தார். அப்பாவனையை ஏற்ற பலர் தம் உடல்மேல் அருவருப்பு முற்றி உயிரையே துறந்தனர். திரும்பிவந்த பகவான் சங்கம் குறைந்திருப்பதைக் கண்டு ஆனந்தரை வினவினார். அறிந்ததும், இறந்தோர் பாவனை செய்த முறை பிழை என்று அவர்மேற் பழிபோடவில்லை. எஞ்சிய அனைவரையும் கூட்டி, அமைதியும் இனிமையும் தரும் மூச்சுத் தியானத்தைக் கற்பித்தார். ஒரே பாவனை எல்லா மனத்துக்கும் எல்லா நிலையிலும் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நம் காலத்தில், 1990களில் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்னும் உளநூலார் மூவர் சதிப் பயிற்சியை ஒட்டி ஒரு சிகிச்சை முறை வகுத்தனர். அதுவும் பலமுறை இந்நோயுற்றுத் தேறியவருக்கு, அது மீண்டும் வாராமற் காக்கவே முதலில் வகுக்கப்பட்டது. நோயின் ஆழத்தில் கிடப்பவனைத் தனியறையில் உட்காரவைத்து மனத்தைப் பார் என்றால், அவன் காண்பது தன்னை வையும் குரலை மட்டுமே.

இனிச் சுற்றி நிற்போர் செய்தி. இதற்காகவே படாசாரையின் வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டேன். அவர் சாவத்தியில் ஒரு செல்வர் மகள். வேலையாளோடு காதல்கொண்டு ஊரைவிட்டுச் சென்றவர். இரண்டாம் மகப்பேற்றுக்குத் தாய்வீடு திரும்பும் வழியில் புயல். ஒதுங்க இடம் அமைக்கத் தழை வெட்டப்போன கணவனைப் பாம்பு தீண்டியது. மறுநாள் ஆறு பெருகி ஓடியது. பச்சிளங்குழந்தையை அக்கரையில் கிடத்திவிட்டு மூத்தவனை எடுக்கத் திரும்புகையில், நடு ஆற்றில் நின்று பார்க்கிறார், பருந்து குழந்தையின்மேல் இறங்குகிறது. கையைத் தூக்கி ஓலமிட்டார். அம்மா அழைக்கிறாள் என்றெண்ணி மூத்த மகன் ஆற்றில் இறங்கினான், வெள்ளம் கொண்டுபோயிற்று. ஊரை நெருங்கினால், முதல் நாள் இரவு வீடு இடிந்து தாயும் தந்தையும் உடன்பிறந்தானும் ஒரே சிதையில் எரிகின்றனர் என்ற செய்தி. சித்தம் சிதறியது. உடை நழுவியதையும் உணராது சுற்றித் திரிந்தார்.

ஊரார் என்ன செய்தனர்? பைத்தியம் என்று கூவிக் குப்பையையும் மண்ணாங்கட்டியையும் வீசினர். அவர்கள் கொடியவர்களா? நம்மைப்போன்றவர்களே. காலையில் பிக்குகளுக்கு அன்னமிட்ட கைகளாகவும் இருக்கலாம். படாசாரை ஜேதவனத்தின் வாயிலுக்கு வந்தபோது, தம்மம் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தார், இந்தப் பித்தியை உள்ளே விடாதீர்கள் என்றனர். கவனியுங்கள், தம்மம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்! பகவான், தடுக்காதீர்கள் என்றார். சகோதரி என்றழைத்து, நினைவைத் திரும்பப் பெறுக என்றார். அவர் தம் நிலையுணர்ந்து கூசிக் குறுகியபோது, கூட்டத்தில் ஒருவர் தம் மேலாடையை எடுத்து வீசினார். அவர் பெயரை நூல்கள் பதியவில்லை. உபதேசம் அதன் பின்னரே நிகழ்ந்தது. முதலில் வழி, பின்பு உறவுச்சொல், பின்பு ஆடை, அதன்பின் அவர் தம் துயரம் முழுதும் சொல்லி முடிக்கும்வரை செவி. அறிவுரை கடைசி. நாமோ கடைசியில் வரவேண்டியதை முதலில் எடுத்து வீசுகிறோம். அதுவும் மண்ணாங்கட்டிபோல் போய் விழுகிறது. படாசாரைக்கு வந்தது மருத்துவர் கூறும் மனச்சோர்வு நோயே என்று நான் கூறவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்களைக் காட்டவே இதனைச் சொன்னேன். அவர்கள் பைத்தியம் என்றெறிந்த அந்தப் பெண்ணே பிற்காலத்தில் விநயம் அறிந்த பிக்குணிகளுள் தலையாயவர் என்று பகவானால் சிறப்பிக்கப்பெற்றார் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒருமுறை மனம் உடைந்தவர் இனி எதற்கும் உதவார் என்று வேலையும் திருமணமும் மறுப்போர்க்கு அது பயன்படும்.

நம் மணிமேகலைக் காப்பியத்திலும் புகார் நகர வீதியில் சித்தம் கலங்கிய ஒருவன் வருகிறான். அலரிமாலையும் எருக்கமாலையும் சூடி, அழுதும் விழுந்தும் தன் நிழலோடு பிணங்கியும் செல்கிறான். மக்கள் அவன் துன்பத்தைக் கண்டு இரங்கி நிற்கின்றனர். கல்லெறியவில்லை, அதுமட்டில் சாவத்தியாரினும் மேலானவர்கள். ஆனால் நிற்கின்றனர், அவ்வளவே.

அரசின் சட்டம் இவ்விஷயத்தில் நமக்கு முன்னே போய்விட்டது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6இல் சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதை எவரும் மறக்கலாகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. தன்னுயிரை மாய்க்க முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தவர் என்றே கொண்டு, தண்டனை தவிர்த்துப் பராமரிப்பு அளிக்கச் சொல்கிறது. அதனைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. விநயமோ இதற்கு முன்பே கக்கர் என்னும் சித்தம் கலங்கிய பிக்குவின் பொருட்டு வழி வகுத்தது: அவர் உபோசதத்தை ஒருகால் நினைப்பார், ஒருகால் மறப்பார், சங்கம் கூடி அவர் நிலையை ஏற்று, அவர் வந்தாலும் வாராவிடினும் குற்றமில்லை என்று தீர்மானித்தது. கலங்கியிருந்த காலத்துச் செயல்களுக்காக, தேறிய பின் அவரைக் குற்றஞ்சாட்டலாகாது என்றும் விதித்தது. அவரைச் சங்கத்திலிருந்து நீக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. ஆனால் முறையாகச் செய்யவேண்டும். நோயாளியைக் காணச் சென்றால், உனக்கென்ன குறை, வீடில்லையா, பிள்ளையில்லையா என்று கணக்குக் கேட்காதீர்கள். சினிமாவுக்குப் போ, கோயிலுக்குப் போ என்று அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கஞ்சி காய்ச்சிக் கொண்டு போங்கள். அவர் வீட்டுக் குழந்தையைப் பள்ளியில் விட்டு வாருங்கள். மருத்துவமனை வரிசையில் காத்துநிற்க ஒருவர் துணைபோங்கள். நோயாளியாற் செய்யமுடியாத வேலை அதுவே. நோயுற்ற ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கக் கண்டு, பகவானும் ஆனந்தரும் தம் கையாலேயே கழுவிப் படுக்கையிற் கிடத்தினர் என்பதை நாம் ஆண்டுதோறும் வைகாசிப் பூரணையில் சொல்கிறோம். நோயாளிக்குப் பணிபுரிதல் தமக்குப் பணிபுரிதலே என்று பகவான் கூறியது உடல்நோய்க்கு மட்டுமென்று யாரும் வரையறுக்கவில்லை.

ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், வாயால் சொல்பவர் செய்யமாட்டார் என்று அலட்சியம் செய்யாதீர்கள். அது பொய்யான நம்பிக்கை. உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே, மென்மையாகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஒருவராவது கேட்டார் என்ற ஆறுதலே பிறக்கும். வருகிறது என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரவாயினும் பகலாயினும் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடுவண் அரசு நடத்தும் 'டெலி மானஸ்' என்னும் மனநலச் சேவை அது. கட்டணமில்லை; தமிழிலும் பேசுவார்கள். எண்ணை மண்டபத்தின் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அழிக்கவேண்டா.

மருத்துவரிடம் செல்லத் துணை வேண்டுவோர் ஞாயிறு காலை சங்கத்தின் நூல்நிலையத்துக்கு வரலாம். நானும், பெண்களுக்கு உபாசிகை ஒருவரும் பத்து மணிவரை இருப்போம். யார் பெயரும் ஏட்டில் எழுதப்படமாட்டாது.